அதே இடம், அதே அளவு

பத்திரிகை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பாபநாசம் கடைத்தெருவில் நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கீழே என் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, கும்பாபிஷேகப் பத்திரிகை எல்லாம் அடிப்போம். ஃப்ளெக்ஸ் மெஷின் வாங்கிய பிறகு கண்ணீர் அஞ்சலியும் சேர்ந்துகொண்டது. மாடியில் எடிட்டரம்மாவுடைய வாரப் பத்திரிகையின் அலுவலகம். வாசலில் இரண்டு போர்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும், மஞ்சள் தடவிய தாளுமாக வரும் மாப்பிள்ளை வீட்டார் என்னைத் தாண்டி நேரே மாடிக்கு ஏறிவிடுவார்கள்.

"நம்ம பையன் பத்திரிகைங்க. நல்ல நேரம் முடியறதுக்குள்ள குடுத்துடணும்" என்று நீட்டுவார்கள்.

அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தாளை வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். படிக்காமல் ஒரு தாளைக் கை மாற்றும் வழக்கம் அவருக்கு இல்லை. "பொண்ணோட தாத்தா பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு பாருங்க. இந்தப் பத்திரிகை கீழ அடிப்பாங்க. நம்மளுது வேற பத்திரிகை, அதுக்கு நல்ல நேரம் எதுவும் கெடையாது" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். அப்படி மாடிக்குப் போய் இறங்கி வந்த கல்யாணப் பத்திரிகைகளில் ஒரு பிழைகூட இருந்ததில்லை. அதனால் வந்த நல்ல பெயரை நான் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

ஊரே அவரை எடிட்டரம்மா என்றுதான் அழைத்தது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இனிஷியலில் ஏதாவது ஒரு புள்ளியைத் தவற விட்டுவிடுவேன் என்று இன்றைக்கும் எனக்குப் பயம். அவருமே தன் பெயரைப் பத்திரிகையில் எங்கும் போட்டுக்கொண்டதில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், சட்டத்துக்காகப் போட வேண்டிய அந்த ஒரு வரியில் மட்டும், இருப்பதிலேயே சின்ன எழுத்தில் இருக்கும்.

நாலு பக்கத் தாள். வெள்ளிக்கிழமை வெளிவரும். தாளுக்கும் கம்பீரமாக ஒரு பெயர் இருந்தது; ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "இந்த வாரத் திருத்தம் வந்துடுச்சா?" என்றுதான் டீக்கடையில் கேட்பார்கள். திருத்தம் என்பதே அதன் பெயராகிவிட்டது.

காரணம் அவருடைய விதி. மற்ற பத்திரிகைகள் ஒரு தப்பு செய்தால், பத்து நாள் கழித்து உள்பக்கத்தில், வரி விளம்பரங்களுக்கு நடுவே எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி வருந்திவிட்டுப் போய்விடும். இவரிடம் அது நடக்காது. "தப்பு எங்க வந்துச்சோ அதே எடம். எந்த அளவுல வந்துச்சோ அதே அளவு" என்பார். மூன்றாம் பக்க மூலையில் வந்த தப்புக்கு மூன்றாம் பக்க மூலை. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்த தப்புக்கு முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து. பக்கம் போட்டுக் கொடுத்தவன் நான். போன வாரத் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அதே அகலம், அதே உயரத்துக்குத் திருத்தத்தை வெட்டி ஒட்டி நான் விட்ட பெருமூச்சுகள் ஏராளம். எல்லாம் முடிந்து தாளை நீட்டினால் ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டு, "இப்ப சரி" என்பார். அதுதான் அச்சடிக்க உத்தரவு. நன்றாக இருக்கிறது, பிரமாதம், சபாஷ் என்ற சொற்களெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவருடைய பாராட்டின் உச்சமே "இப்ப சரி"தான்.

கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. பத்திரிகை தொடங்குவதற்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு அச்சகத்தில் பாட்டுப் புத்தகங்களுக்கும் ஜெபப் புத்தகங்களுக்கும் மெய்ப்புத் திருத்தியவர். பூசையில் யாராவது வாசகத்தை ஒரு சொல் மாற்றி வாசித்தால் இவருடைய தோள்பட்டை தூக்கிப்போடும் என்று அவர் பெண்ணே சொல்லிச் சிரித்திருக்கிறாள். பங்குச் சாமியார் ஒருமுறை மாடிக்கு வந்திருந்தபோது தாளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து காதோட காதா மெதுவாச் சொல்றாங்க. நீங்க என்னடான்னா மொதல் பக்கத்துல போட்டு வீடு வீடா விநியோகம் பண்றீங்க." எடிட்டரம்மா சிரிக்கவில்லை. "அவங்க தப்பு ஆண்டவருக்கு மட்டும் தெரிஞ்சது சாமி. நம்ம தப்பு ஊரெல்லாம் படிச்சது" என்றார்.

இந்த விதியால் அவர் வாங்கிய வசவுகளும் உண்டு. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த சிறுமியின் படத்தைப் போட்டு, முதல் பரிசு என்று அச்சாகிவிட்டது. அடுத்த வாரம் அதே மூன்றாம் பக்கத்தில், அதே அளவில், முதலாவதாக வந்த பெண்ணின் படமும் திருத்தமும். சிறுமியின் அம்மா படியேறி வந்து சண்டை பிடித்தார்.

"எம்பொண்ணு ஒருவாரம் ஃபர்ஸ்ட்டா இருந்துட்டுப் போனா உங்களுக்கு என்னங்க? யாருக்கு நஷ்டம்? ஊருக்கே தட்டு நெறைய ஸ்வீட் குடுத்துட்டு இப்ப நான் எப்படித் தெருவுல நடக்கறது?"

"ஃபர்ஸ்ட் வந்த பொண்ணுக்கும் ஒரு அம்மா இருக்காங்கல்ல. அவங்க ஒருவாரம் ஸ்வீட் குடுக்காம உக்காந்திருந்தாங்களே" என்றார் எடிட்டரம்மா. அப்புறம் அந்த அம்மாவை உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, டீ வரவழைத்துக் கொடுத்தார். டீ குடித்துவிட்டும் அவர் திட்டிக்கொண்டேதான் இறங்கிப் போனார். நியாயம் அந்த அம்மா பக்கமும் கொஞ்சம் இருந்ததாகவே எனக்குத் தோன்றியது.

இவருக்கு ஏன் இந்த வைராக்கியம் என்பது எனக்குத் தெரியும். பத்திரிகை தொடங்கிய புதிதில் நடந்தது. மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். கடைமடை வரை தண்ணீர் போய்விட்டது என்று அறிவிப்பும் வந்தது. கடைமடை என்றால் கடலோரத்து ஊர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் கடைசி என்று ஓர் இடம் உண்டு. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் அந்த வயல்கள் எல்லாமே கடைமடைதான். குடமுருட்டி ஆற்றில் பிரிகிற எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கும் ஒரு கடைமடை ஊர் இருந்தது. எடிட்டரம்மா அறிவிப்பை நம்பி, "கடைமடைக்கும் தண்ணீர் வந்தது" என்று முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டார்.

சில நாள் கழித்து அந்தக் கடைமடை ஊரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவர் காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். நான் அப்போது மாடியில் பக்கம் காட்டிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னதற்கு அவர் உட்காரவில்லை. துண்டின் முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். முளைகட்டிய விதைநெல். வெள்ளை முளை நீண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, புளித்த வாடை அடித்தது.

"வந்துடுச்சுன்னு போட்டிருந்தீங்கம்மா. நம்பி விதைய ஊறப்போட்டேன். மொளையும் வந்துடுச்சு, தண்ணிதான் வரல. நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கு. இத நான் எங்க கொண்டுபோயித் தெளிக்கிறது?"

"மேட்டூர் தொறந்துட்டதா சொன்னாங்களேங்க…"

"தொறந்தது வேறம்மா. வந்தது வேற."

அவர் போன பிறகும் எடிட்டரம்மா அந்த நெல்லை மேசையிலிருந்து தள்ளவில்லை. அதன் மேலேயே தாளை விரித்து, "தண்ணீர் வரவில்லை" என்று எழுதினார். அந்த வெள்ளிக்கிழமை அதே முதல் பக்கம், அதே கொட்டை எழுத்து. அதற்குப் பிறகு 'வந்தது' என்ற சொல்லைத் தண்ணீர் விஷயத்தில் யார் எழுதிக்கொண்டு வந்தாலும், "கால் நனைஞ்சுதா?" என்று கேட்பார். நனையவில்லை என்றால் அந்தச் சொல் அடிபட்டுவிடும். ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும், வாய்க்காலில் இறங்குவதற்கென்றே.

இப்போது ஓர் ஒப்பந்தக்காரர் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அதே வாய்க்காலை ஒரு கோடையில் தூர்வாரினார்கள். வேலை முடிந்துவிட்டது என்று பலகையும் நட்டாயிற்று. எடிட்டரம்மாவுக்கு அப்போது முழங்கால் வலி. படியேறுவதே பெரும்பாடாக இருந்தது. அதனால் அவருடைய பகுதிநேர நிருபர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நிருபருக்கு முழுநேரத் தொழில் இன்சூரன்ஸ். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, இறங்காமலே தூரத்துக் கோரையை எட்டிப் பார்த்திருக்கிறார். "தூர்வாரிய வாய்க்காலில் இடுப்பளவு கோரை" என்று முதல் பக்கத்தில் செய்தி வந்தது.

ஞாயிறு கழிந்ததும், அந்த வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் மாடிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கூடவே இரண்டு பேர். கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"என்ன மேடம், நம்ம மேல இவ்ளோ கோவம்?"

"கோவம் எதுவும் இல்லீங்க. டீ சொல்லவா?"

"டீ வேணாம். ரேஸ்ல ரெண்டாவது வந்த புள்ளைக்கே திருத்தம் போட்டவங்க நீங்க. ஊருக்கே தெரியும். எனக்கு ஒண்ணு போட்டா கொறைஞ்சா போயிடுவீங்க? வாய்க்கால் முழுசாத் தூர்வாரியாச்சு, தவறுக்கு வருந்துகிறோம். ரெண்டே வரி."

"எது தப்புன்னு சொல்லுங்க. போட்டுடறேன்."

"எல்லாமே தப்புதான். நீங்க போயிப் பாத்தீங்களா?"

எடிட்டரம்மாவின் முகம் மாறியது. அந்தக் கேள்வியை அவர்தான் மற்றவர்களிடம் கேட்பார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. "இல்லீங்க" என்றார். "நான் போகல. பாக்காம போட்டது என் தப்புதான். நாளைக்கே போறேன். எழுதினதுல தப்பு இருந்தா வெள்ளிக்கிழம திருத்தம் வரும். அதே எடம், அதே அளவு."

ஒப்பந்தக்காரருக்கு முகமெல்லாம் பல். கௌரவமாக இறங்கிப் போக ஒரு வழி செய்து கொடுத்துவிட்டதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். கீழே இறங்கும்போது என் தோளில் கைபோட்டார். "வர்ற மாசம் நம்ம வீட்டுல கல்யாணம். பத்திரிகை உங்ககிட்டதான் அடிக்கலாம்னு இருக்கேன். மாடியில என்ன பத்திரிகை வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

அவர் வீட்டுக் கல்யாணம் என்றால் அது ஒரு பத்திரிகையோடு முடியாது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை சாலை நெடுக ஃப்ளெக்ஸ் நிற்கும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. திருத்தம் என்று இந்தத் தாளில் வந்துவிட்டால் ஊர் அதை நம்பிவிடும். எடிட்டரம்மாவே ஒப்புக்கொண்டாரே என்று அதிகாரிகள் கோப்பை மூடிவிடுவார்கள். மேட்டூர் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் திறந்த பிறகு எந்த மெஷினும் வாய்க்காலில் இறங்காது. அந்தக் கடைமடை வயல்கள் இன்னொரு பருவமும் காய்ந்து கிடக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் அவர் ஸ்கூட்டியிலும் நான் கேமராவோடு என் வண்டியிலும் போனோம். சாலையை ஒட்டிய பகுதியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கரை சீவி, அடிமண் வாரி, தலை வாரிப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது வாய்க்கால். நிருபர் நம்மை மாட்டிவிட்டார் என்றே நினைத்தேன். எடிட்டரம்மா வண்டியைக் கரையோரமாக ஓட்டினார். மூங்கில் புதரைத் தாண்டி வாய்க்கால் திரும்புகிறது. ஜீப் போகக்கூடிய பாதை அத்தோடு முடிகிறது. தூர்வாரிய வேலையும் அத்தோடு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் வாய்க்கால் இருப்பதற்கான அடையாளமே இல்லை. கோரையும் நாணலும் காடாக நின்றன.

விதைநெல் கொண்டுவந்து கொட்டிய அதே விவசாயி எங்களைப் பார்த்துவிட்டு வரப்பில் ஓடி வந்தார். எடிட்டரம்மா ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கப் போனவர், சட்டென்று நின்றார்.

"நான் குட்டை. எனக்குக் கழுத்துன்னா அது செய்தியில்ல. நீங்க எறங்குங்க" என்றார் அவரிடம்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். கோரை மூடிக்கொண்டது. தலை மட்டும் தெரிந்தது. "போதுமாம்மா?" என்று அந்தத் தலை கேட்டது. நான் படம் எடுத்தேன்.

எடிட்டரம்மா கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "இடுப்புன்னு எழுதிட்டோமே, பிரஸ்காரரே" என்றார் என்னிடம். "தப்பா எழுதிட்டோமே."

அன்றைக்கு அவர் செய்ததைக் குசும்பு என்றுதான் ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. நான் பக்கத்தில் நின்றவன். குசும்பு துளிகூட இல்லை. பரீட்சையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்ட பிள்ளையின் முகம் அது.

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. அதே முதல் பக்கம், அதே கொட்டை எழுத்து.

"திருத்தம்: இடுப்பளவு அல்ல, கழுத்தளவு."

கீழே விவசாயியின் தலை தெரியும் படம். அதற்கும் கீழே: "தூர்வாரிய வாய்க்காலில் கோரை இடுப்பளவு இருப்பதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தோம். ஆசிரியர் நேரில் பார்க்காமல் வெளியிட்ட செய்தி அது. இப்போது நேரில் பார்த்தோம். கோரை கழுத்தளவு இருக்கிறது. தவறுக்கு வருந்துகிறோம்."

பாபநாசம் கடைத்தெரு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க, பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்த முதல் பக்கம் வாட்ஸப்பில் துபாய், சிங்கப்பூர் எல்லாம் போய், அங்கிருந்து எனக்கே திரும்பி வந்தது. பக்கத்தின் அடியில் அச்சிட்டோர் என்று என் அச்சகத்தின் பெயர் இருந்தது. அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டில் மனைவியிடம் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. கல்யாண ஆர்டர் போய்விட்டதே என்று அவள் கேட்டதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை.

ஆர்டர் போனது உண்மைதான். ஒப்பந்தக்காரர் கும்பகோணத்தில் அடித்துக்கொண்டார். அதில் தாய்மாமன் பெயர் இரண்டு முறை வந்திருந்தது. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

மறு வாரமே அதிகாரிகள் வந்து மூங்கில் புதரைத் தாண்டி நடந்தார்கள். பின்னாலேயே பொக்லைன் வந்து கடைசி வயல் வரை வெட்டிவிட்டுப் போனது. மேட்டூர் திறந்து சில நாள் ஆன பிறகு, ஒரு காலை விவசாயி ஃபோன் செய்தார். எடிட்டரம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, வந்துடுச்சும்மா!"

"கால் நனைஞ்சுதா?"

"உள்ளதான் நிக்கிறேன். சத்தம் கேக்குதா?"

சத்தம் கேட்டது. இருந்தும் அவர் போனார். முழங்கால் வலியோடு இறங்கி, தண்ணீரில் நின்றுவிட்டு, ஈரப் புடவையோடு திரும்பி வந்து எழுதினார். அந்த வாரத் தலைப்பு ஒரே ஒரு சொல்: "வந்தது."

அதற்கப்புறமும் சில வருஷம் தாள் வந்தது. கடைசியில் முழங்கால் ஜெயித்துவிட்டது. திருச்சியில் இருக்கும் பெண்ணோடு போய் இருப்பதாக முடிவு செய்து பத்திரிகையை நிறுத்தினார். கடைமடை ஊர்க்காரர்கள் அவருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். சாலை ஓரத்தில் பந்தல், மைக்செட், பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். வாசகத்தை எழுதிக்கொண்டு வந்தவர் அதே விவசாயிதான். "எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுவந்த எடிட்டரம்மாவுக்கு நன்றி." ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

சால்வை எல்லாம் போர்த்தி முடிந்ததும் அவரைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தவர், திரும்பி ஃப்ளெக்ஸை முழுக்கப் படித்தார். எனக்குப் பகீர் என்றது.

"எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி ஒரு தப்பு இருக்கு" என்றார். "தண்ணிய நான் கொண்டுவரலீங்க. தண்ணி வரலைன்னு எழுதினேன். என் வேல அவ்வளவுதான்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அவர் ஏதோ தப்பாகிவிட்டது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலமே அவர் பெண் வந்து காரில் அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கடை திறக்கும்போது விவசாயி வாசலில் நின்றார்.

"திருத்தம் போடணுமேங்க" என்றார்.

"எவ்ளோ பெருசு?"

"என்னங்க நீங்களே கேக்குறீங்க? அதே அளவுதான். பந்தல் பிரிச்சாலும் கம்பு அப்படியேதான் நிக்குது. அதே எடம்."

அடித்துக் கொடுத்தேன். போய் நானும் ஒரு பக்கம் பிடித்துக் கட்டினேன். "தண்ணீர் வரவில்லை என்று எழுதிய எடிட்டரம்மாவுக்கு நன்றி." பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றும் புரியாமல் தலையை நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

நீல நிறத்தில் இரண்டு டிக் உடனே விழுந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக்கிப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். டீ ஆறிய பிறகு பதில் வந்தது.

"இப்ப சரி."